இரட்டைக் கண்ணாடியின் நடுவே புகுந்த ஈரம்

ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிந்த அழுக்கை வெளியே நின்று துடைக்கலாம். உட்புறத்தில் படிந்ததை உள்ளே நின்று துடைக்கலாம். ஆனால் இரண்டு கண்ணாடிகளை அருகருகே நிறுத்தி, நடுவே உலர்ந்த காற்றை அடைத்து, நாற்புறமும் பசையிட்டு மூடிவிட்ட பிறகு அந்த நடுவிடத்தில் வந்து படிகின்ற ஈரத்தை யாருடைய கையாலும் துடைக்க முடியாது என்பதே, இரட்டைக் கண்ணாடி ஜன்னலை வாங்க நினைக்கும் ஒருவர் பணத்தை எண்ணுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கும் விலையைப் பற்றி எல்லாரும் சொல்லுகிறார்கள். கெட்டுப்போனால் மாற்றுவதற்கு என்ன ஆகும், யார் மாற்றுவார்கள், மாற்றத்தான் வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் நம் பக்கத்தில் விடை சொல்லுவார் அரிதாக இருப்பதால், எங்கள் வீட்டு ஜன்னல்களை முன்னிட்டு நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மீது வீசி, ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்து, மின்கம்பங்களை முறித்துப்போட்டு, மலையோரத்து ஊர்களை இருளில் ஆழ்த்தியதை இந்தப் பிரதேசத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் எங்கள் ஓட்டு வீட்டின் பின்கட்டும் சேதமடைந்தது. இங்கிலாந்தில் செவிலியாக வேலை பார்க்கும் என் தங்கையின் மகள், தன் தாய்க்கு இனி இப்படியொரு பயம் வேண்டாம் என்று தீர்மானித்து, மறு ஆண்டே பின்கட்டை இடித்துக் கான்கிரீட் தளம் போட்டு, மேலே ஒரு மாடியும் எடுக்கப் பணம் அனுப்பினாள். அந்த மாடிக்குத்தான் யுபிவிசி என்னும் பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி பொருத்திய, தள்ளித் திறக்கும் ஜன்னல்கள் மூன்று வந்தன. நாலடிக்கு நாலடி அளவுள்ள ஜன்னல் ஒவ்வொன்றிலும் இரண்டு தள்ளுகதவுகள். ஆக ஆறு கதவுகள். அவற்றில் ஐந்து இப்போது மங்கிவிட்டன.

மங்குவது ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் மழைக்காலத்து அதிகாலைகளில், கண்ணாடியின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்படலம் தோன்றும்; வெயில் ஏறியதும் மறையும். பிறகு அது மறைய நேரமாகும். பிறகு நடுப்பகலிலும் அது அங்கேயே நிற்கும். கடைசியில் ஈரம் காய்ந்த இடங்களில் எல்லாம் உப்புப் பூத்தாற்போன்ற கோடுகள் நிலைத்துவிட, அதன் வழியே தெரியும் ரப்பர்த் தோட்டமும் மலையும் எப்போதும் பனிமூட்டத்தில் இருப்பதாகவே தோற்றம் தரும். குலசேகரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலைக்கு வரும் ஆசாரி, கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் தம் தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாரே, இதுல நம்ம வேலை ஒண்ணும் இல்ல. மரமா இருந்தா அறுத்து ஒட்டித் தந்திருவேன். இது அடச்சு வச்ச சாதனமாக்கும்.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. இரட்டைக் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளை உடைய ஜன்னல் அன்று. இரண்டு கண்ணாடிகளால் ஆன ஒரே பொருள். நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் 1865ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார் என்றாலும், தொழிற்சாலைகளில் இது பெருவாரியாக உருவாகத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அமைப்பு எளிமையானது. 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, ஓரம் சுற்றிலும், பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் அலுமினியக் குழல் ஓடுகிறது. அந்தக் குழலின் வயிற்றில் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. குழலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ‘பியூட்டைல்’ என்னும் கறுப்புப் பசை நீராவியைத் தடுக்கிறது. அதற்கும் வெளியே பாலிசல்ஃபைடோ சிலிக்கானோ தடவி, கண்ணாடிகள் விலகாதபடி இறுக்கிப் பிடிக்கச் செய்கிறார்கள். நடுவே உள்ள காற்று அசையாமல் நிற்பதனால் உஷ்ணம் ஒரு கண்ணாடியிலிருந்து மற்றதற்குச் சுலபமாகக் கடந்து செல்வதில்லை. காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினால் தடை இன்னும் கூடும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் அந்த அடைப்பு ஒரு நாளும் ஓய்ந்திருப்பதில்லை. பகலில் மேற்கு வெயில் பட்டு உள்ளே அடைபட்ட காற்று விரிய, கண்ணாடிகள் இரண்டும் மிகச் சிறிதளவு வெளிநோக்கிப் புடைக்கின்றன. மாலையில் ஒரு மழை அடித்துக் குளிர்ந்ததும் உள்நோக்கிக் குழிகின்றன. நாள்தோறும் நிகழும் இந்த விரிவும் சுருக்கமும் ஓரத்துப் பசையை இழுத்து இழுத்துத் தளர்த்துகின்றன. எங்கேனும் தலைமயிர் அளவுக்கு வழி உண்டாகிவிட்டால், சுருங்கும் வேளையில் வெளிக்காற்று தன் ஈரத்தோடு உள்ளே இழுக்கப்படுகிறது. சில காலம் அந்தச் சிறு மணிகள் அதனை உறிஞ்சி ரகசியம் காக்கும். அவை நிறைந்தபின் மங்கல் ஆரம்பமாகிறது. எங்கள் தள்ளுகதவு ஒன்றின் உள்வெளியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது 9 லிட்டருக்கும் குறைவு. மழைக்காலத்து நம் ஊர்க் காற்றால் அது முழுதும் நிரம்பினாலும் அதில் அடங்கும் நீர் கால் கிராமுக்கும் குறைவுதான், அதாவது நாலைந்து சொட்டு. அந்த நாலைந்து சொட்டுக்காக ஆயிரக்கணக்கில் செலவு என்று எண்ணும்போது மனம் வருந்தத்தான் செய்கிறது.

நல்ல முறையில் செய்து நல்ல முறையில் பொருத்திய இரட்டைக் கண்ணாடி பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும். எங்களுடையது ஆறே ஆண்டுகளில் கெட்டதற்குக் காரணம் தேடியபோது, அது கண்ணாடியில் இல்லை, கண்ணாடி உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது. மங்கிய ஒரு கதவைக் கழற்றி, கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஓரத்துப் பீடிங்கை உளியின் பின்புறத்தால் மெல்ல நெம்பி எடுத்தோம். சட்டத்தின் அடித்தடத்தில் கறுத்த சேறும், ரப்பர் இலைத் துகளும், வீடு கட்டிய நாளில் விழுந்த சிமெண்டுக் கட்டியும் சேர்ந்து, தண்ணீர் வடிவதற்கென்று தொழிற்சாலையிலேயே வெட்டிவிட்டிருந்த சிறு துளைகளை முற்றாக அடைத்திருந்தன. கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டிய தாங்குகட்டைகள் வைக்கப்படவேயில்லை. அது நேராகச் சட்டத்தின் மீதே அமர்ந்து, தேங்கிய நீரில் மாதக்கணக்காக ஊறியிருக்கிறது. ஓரத்துப் பசையை விரலால் தொட்டபோது, வெந்த மரச்சீனிக் கிழங்குபோல அது கையோடு வந்தது. தென்மேற்குப் பருவமாகிய இடவப்பாதியில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் மறுமுறை என்று இரண்டு மழைக்காலமும் முழுமையாகப் பெய்யும் இந்த மலையடிவாரத்தில், மழையை நம்பியே 1897க்கும் 1906க்கும் இடையில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் மிஞ்சின் என்னும் பொறியாளர் கோதையாற்றின் குறுக்கே அணையெழுப்பிய ஊரில், நீர் வடியும் வழியைப் பற்றி யோசியாமல் ஒரு ஜன்னலைப் பொருத்தியிருக்கிறார்கள். பொருத்தியவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்கள் கொடுத்த உத்தரவாதக் காகிதத்தில், பசை விடுதலுக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் நீர் தேங்கியதனால் நேர்ந்ததற்கு இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. நீர் தேங்கும்படி பொருத்தியதும் அவர்களே.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கண்ணாடியில் காணும் எல்லாப் படலமும் பழுது அன்று. இரவெல்லாம் ஏ.சி. ஓடிய அறையின் கண்ணாடியில் காலையில் வெளிப்புறம் பனித்திருப்பது, குளிர்ந்த கண்ணாடி நம் ஈரக் காற்றைத் தொட்டதன் விளைவு. துண்டால் துடைத்தால் போய்விடும், வெயில் ஏறினாலும் போய்விடும். உள்ளே துடைத்தும் வெளியே துடைத்தும் போகாததற்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாராமல் நல்ல கண்ணாடியைக் கழற்றிப் போட்ட வீடு ஒன்றை நான் அறிவேன்.

பழுது பார்க்க முடியுமா என்று பலரிடமும் விசாரித்தேன். மேல்நாடுகளில் ஒரு முறை வழங்குகிறது: வெளிக்கண்ணாடியில் சிறு துளைகள் இட்டு, உள்ளே கழுவி, உலர்த்தி, துளையில் காற்று மட்டும் போய்வரும் சிறு மூடியைப் பொருத்திவிடுகிறார்கள். மங்கல் நீங்கும், ஆனால் உலர்ந்த காற்றை அடைத்து வைத்த பயன் அத்துடன் போய்விடும், ஆர்கான் இருந்தால் அதுவும் போய்விடும். தவிர, ‘டஃபன்’ செய்த கண்ணாடியில் துளையிட முடியாது. இட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைப்பதனால் உண்டாகும் உறுதி அது; அதன்பின் வெட்டவோ துளைக்கவோ இடமில்லை. எங்களுடையவை டஃபன் கண்ணாடிகள். ஆகவே இந்தப் பரிகாரம் எங்களுக்கு இல்லை.

தங்கை மகளோடு தொலைபேசியில் இதைப் பேசினேன். அவள் குடியிருக்கும் வீட்டிலும் இரண்டு ஜன்னல்கள் மங்கி, சென்ற குளிர்காலத்தில்தான் மாற்றியிருக்கிறாள். “மாமா, இங்க மங்கின கண்ணாடிய மட்டும் எடுத்துட்டு, அதே அளவுக்குப் புதுசு செஞ்சு கொண்டுவந்து வச்சிட்டுப் போயிருவாவ. சட்டத்தத் தொடவே மாட்டாவ” என்றாள். அங்கே தெருவுக்குத் தெரு அந்த வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். கண்ணாடிகளுக்கு இடையே ஓரத்தில் ஓடும் குழலில் செய்தவர் பெயரும் தேதியும் அச்சிட்டிருப்பது வழக்கம். 2002 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் மாற்று ஜன்னல்களையும் கட்டட விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்றாலும், கண்ணாடியை மட்டும் மாற்றுவதற்கு அந்த விதிகளின் தொல்லை இல்லை. குளிர் நாட்டில் இரட்டைக் கண்ணாடி வீட்டுக்கு வீடு இருப்பதால், அதைப் பேணும் தொழிலும் வீட்டுக்கு அருகே வளர்ந்திருக்கிறது. பொருளை மட்டும் கடல் கடந்து கொண்டுவந்து, தொழிலை அங்கேயே விட்டுவிட்டால், பழுதின் விலை இருமடங்காகிறது என்பதை நான் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டேன்.

கடைக்காரர்களில் அநேகர் முதலில் சொன்ன யோசனை, ஜன்னலையே மொத்தமாக மாற்றிவிடலாம் என்பது. சட்டமும் கண்ணாடியும் சேர்த்துச் சதுர அடிக்கு 1,200 ரூபாய் என்று ஒருவர் கேட்டார். மூன்று ஜன்னலுக்கு 48 சதுர அடி, 57,600 ரூபாய். சட்டம் ஒரு கீறலும் இல்லாமல் நன்றாக இருக்கிறதே என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. கண்ணாடியை மட்டும் வருவித்துத் தர இசைந்த மற்றொருவர், வரியெல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 450 ரூபாய் சொன்னார். ஐந்து கதவுக்கு 40 சதுர அடி, 18,000 ரூபாய். வண்டி வாடகை, பீடிங், ரப்பர்க் கேஸ்கெட், தாங்குகட்டை, கூலி எல்லாம் 5,500 ரூபாய் வரும். இரட்டைக் கண்ணாடியை இங்கே யாரும் செய்து கொடுப்பதில்லை. தொழிற்சாலையில் அளவுக்கு வெட்டி, ஓரம் தீட்டி, டஃபன் செய்து, கழுவி உலர்த்தி, பசையிட்டு, அது இறுகக் காத்திருந்து, நிறுத்தினபடியே ஸ்டாண்டில் கட்டி அனுப்ப வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ நிற்கும் என்பது கணக்கு. எங்கள் கதவு ஒன்றின் கண்ணாடி மட்டும் 18 கிலோவுக்கு மேல். அதை மாடிப்படி வழியே தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும், இரண்டு பேரும் கவனமுள்ளவர்களாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான், பணம் கொடுப்பதற்கு முன் வேறொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் ஆகையால் அந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானதே. ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 5.7 வாட் உஷ்ணம் கடக்கிறது. சாதாரண இரட்டைக் கண்ணாடி வழியாக 2.8 வாட். இங்கிலாந்தில் வெளியே பூஜ்யமும் உள்ளே 20 டிகிரியும் உள்ள ஒரு மார்கழி இரவில், சதுர மீட்டருக்கு 58 வாட் மிச்சம். அது இரவும் பகலும், மாதக்கணக்காக மிச்சம். அங்கே இரட்டைக் கண்ணாடி இன்றியமையாதது. இங்கே, ஜன்னலைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருக்கும் அறையில் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே மிச்சமும் இல்லை. ஏ.சி. ஓடும் அறையில், வெளியே 33 டிகிரி, உள்ளே 24 டிகிரி என்று கொண்டால் 9 டிகிரி வித்தியாசம். நாலடிக்கு நாலடி ஜன்னல் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர். ஆகத் தடுக்கப்படும் உஷ்ணம் 39 வாட். ஒரு பங்கு மின்சாரத்தால் மூன்று பங்கு உஷ்ணத்தை வெளியேற்றும் இயந்திரத்துக்கு அது 13 வாட் மின்சாரம். நாள்தோறும் எட்டு மணி நேரம், ஆண்டு முழுதும் ஓடினாலும் 38 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 266 ரூபாய். இரவில் வெளியுஷ்ணம் 26, 27 டிகிரிக்கு இறங்கிவிடும் நம் ஊரில் உண்மையான தொகை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒற்றை டஃபன் கண்ணாடி சதுர அடிக்கு 130 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு ஜன்னலுக்கு 16 சதுர அடியில் வித்தியாசம் 5,120 ரூபாய். அந்தத் தொகை மின்சாரக் கட்டணத்தில் திரும்பி வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் வேண்டும். கண்ணாடியின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே.

வெயிலைத் தடுக்கும் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். இரட்டைக் கண்ணாடி தடுப்பது சூடான காற்றின் உஷ்ணத்தை; நேராக வந்து விழும் வெயிலை அன்று. நிறமற்ற ஒற்றைக் கண்ணாடி வெயிலின் உஷ்ணத்தில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விடுமானால், நிறமற்ற இரட்டைக் கண்ணாடி பத்தில் ஏழு பங்கை விடும். அந்தச் சிறு வித்தியாசத்தைவிட, ஜன்னலுக்கு வெளியே இரண்டடி நீட்டிய ஓர் இறவாணம் செய்யும் உபகாரம் எத்தனையோ பெரிது; ஏனெனில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே அது வெயிலை நிறுத்திவிடுகிறது, மழையையும் நிறுத்திவிடுகிறது. எங்கள் மாடியின் மேற்குச் சுவரில் இறவாணம் இல்லை. புதுப் பாணி வீடுகளில் அது அழகைக் கெடுக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். வெயிலும் சாரலும் நேரே அடிக்கும் சுவரில் வழுவழுவென்று கண்ணாடியை மட்டும் நிறுத்துவது எந்தச் சாஸ்திரத்துக்கும் ஒத்ததன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அரசாங்கமே இதற்கு ஒரு விதி வகுத்திருப்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் குடியிருப்பு வீடுகளுக்காக வெளியிட்ட ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் நெறிமுறை, வெப்பமும் ஈரமும் கலந்த சீதோஷ்ணம் உள்ள பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல் கதவுகளின் பரப்பு தரைப் பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. குளிர்ப் பிரதேசத்துக்கு அதில் பாதியே போதும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். எங்கள் தள்ளுஜன்னல் 16 சதுர அடி. ஆனால் ஒரு கதவு மற்றொன்றின் பின்னே ஒதுங்குவதனால் எந்நேரமும் 8 சதுர அடிதான் திறக்கும். நம் தேசத்து நெறிமுறை நம்மைத் திறக்கச் சொல்லுகிறது. நாம் அடைப்பதற்குப் பணம் செலவழிக்கிறோம்.

தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு அதன் மந்திரசாலை நினைவிருக்கும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்து, 1956இல் இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருந்துவரும் அந்த அரண்மனையில், அரசர் அமைச்சரோடு ஆலோசித்த அந்த அறையின் ஜன்னல்களில் வண்ண அப்பிரகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். வெயிலின் கூச்சமும் தூசியும் உள்ளே வராமல், வெளிச்சம் மட்டும் தணிந்து வருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. மரத்தால் ஆன சாய்சட்டங்களும் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் சேர்ந்து, சித்திரை நண்பகலிலும் அந்த அறை குளிர்ச்சியாக இருக்கிறது. காற்றை அடைத்துக் குளிர்ச்சி தேடியதன்று அந்தக் கட்டடம். காற்றை விட்டு, வெயிலை நிறுத்தியது.

எங்கள் கீழ்வீட்டு ஜன்னல்கள் அரண்மனை வேலைப்பாடு உடையவை அல்ல. அப்பா காலத்தில் தோட்டத்து அயனி மரத்தை அறுத்துச் செய்தவை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு சிறு கதவுகள், நடுவே மரக்கம்பிகள். ஆவணியில் ரப்பர்க்காய் வெடிக்கும் காலத்தில், கொட்டைகள் தெறித்து வந்து ‘டப்’ என்று அந்தக் கதவுகளில் மோதி முற்றத்தில் விழும். கதவுக்கு ஒன்றும் ஆவதில்லை. சாரல் அடித்துக் கீழ்ச்சட்டம் இற்றுப்போனபோது, ஆசாரி இற்ற பாகத்தை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, அதே சாய்வில் புதுத்துண்டை இழைத்துப் பொருத்தி, மூங்கில் ஆணி அடித்து இறுக்கினார். ஒரு நாள் கூலி 1,200 ரூபாய். மரம் வீட்டிலேயே கிடந்தது. ஒட்டிய இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிகிறது. அந்த ஜன்னலில் எந்தப் பாகம் கெட்டாலும் அந்தப் பாகத்தோடு செலவு நின்றுவிடுகிறது. விலையைப் பற்றிப் பேசும்போது நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான்: ஒரு பொருளின் செலவு அதன் விலைச்சீட்டில் மட்டும் அடங்குவதில்லை, அதைச் செப்பனிடத் தெரிந்த கை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதிலும் அடங்கியிருக்கிறது.

இப்படிச் சொல்வதனால் இரட்டைக் கண்ணாடி கூடாது என்பது என் கட்சி என்று யாரும் எண்ண வேண்டாம். என் தங்கைக்கு மூச்சிரைப்பு உண்டு. மழைக்காலத்து ஈரமும் பூஞ்சையும் அவளுக்கு ஆகாதென்று வைத்தியர் சொன்னதால் அவள் அறையில் ஏ.சி. நாளெல்லாம் ஓடுகிறது, அணைப்பக்கம் வரும் வண்டிகளின் இரைச்சலும் அந்த அறைக்குத்தான் அதிகம். அந்த அறையின் இரண்டு கதவுகளுக்கும் இரட்டைக் கண்ணாடியே மறுபடியும் போடுவதென்று தீர்மானித்தோம். அங்கே பயன் மின்கட்டணக் கணக்கில் இல்லை; நோயாளி கட்டிலருகே தகிக்காத கண்ணாடியும் கலையாத தூக்கமும்தான் பயன், அவற்றுக்கு விலை கூட இருந்தாலும் தகும். இரண்டு கண்ணாடியும் ஒரே கனமாக இராமல் ஒன்று 5, மற்றொன்று 6 மில்லிமீட்டராக இருந்தால் சத்தம் இன்னும் சற்றுக் குறையும் என்பதால் அப்படியே கேட்டிருக்கிறோம். மற்ற மூன்று கதவுகளுக்கு ஒற்றை டஃபன் கண்ணாடி. அதே யுபிவிசிச் சட்டத்தில், மெல்லிய கண்ணாடிக்கென்று செய்த அகலமான பீடிங்கைப் போட்டால் ஒற்றைக் கண்ணாடி உறுதியாக நிற்கும் என்பது பலருக்குத் தெரியாது. சட்டத்தின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் கம்பெனிப் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதிக்கொண்டு போனால்தான் பொருந்தும் பீடிங் கிடைக்கும்.

ஆர்டர் கொடுக்கும் காகிதத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்பதையும், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவுமென்று சொல்லிவிடுகிறேன். டஃபன் செய்தபின் கண்ணாடியை ஒரு நூல்கூடக் குறைக்க முடியாதாகையால், பீடிங்கைக் கழற்றிச் சட்டத்தின் உள்ளளவை மேலும் கீழும் நடுவிலுமாக எடுத்து, மிகச் சிறியதையே அளவாகக் கொண்டு, ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் விட்டுக் கண்ணாடி அளவை நிர்ணயிக்க வேண்டும். குறுக்களவு இரண்டும் சமமா என்று பார்க்க வேண்டும். சமமில்லையானால் சட்டம் கோணியிருக்கிறது. பழைய கண்ணாடியின் மொத்தக் கனத்தை ஓரத்தில் அளக்க வேண்டும். 5, 12, 5 என்றால் 22 மில்லிமீட்டர் இருக்கும். செய்த மாதமும் ஆண்டும் குழலில் அச்சிட்டுத் தர வேண்டும் என்றும், பசை விட்டால் எத்தனை ஆண்டு வரை மாற்றித் தருவார்கள் என்றும் எழுத்தில் வாங்க வேண்டும். ஆர்கான் நிரப்பியது என்று கூடுதல் பணம் கேட்டால் நம் சீதோஷ்ணத்தில் கொடுக்கத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, புதுக் கண்ணாடி வருமுன்பே தடத்தைக் கழுவி, வடிகால் துளைகளில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது வெளியே வடிகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். அது வடியாத சட்டத்தில் எந்த விலைக் கண்ணாடியும் நிலைக்காது.

நாகர்கோவில் கோணத்தில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கண்ணாடி ஜன்னல்களோடு நிற்கின்றன. அவற்றின் கண்ணாடிகள் இன்னும் பத்தாண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கத்தான் போகின்றன. பீடிங்கைக் கழற்றி, அளவெடுத்து, தாங்குகட்டை வைத்து, கண்ணாடியைப் பழுதின்றி ஏற்றி இறக்கும் வேலையை ஒரு சில மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். மரவேலை தெரிந்த இளைஞர்களுக்கு அது இன்னும் சுலபம். ஆசாரியின் மகனிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டு வேலையின்போது கூட நின்று பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

முடிவான கணக்கு இது. தங்கையின் அறைக்கு இரட்டைக் கண்ணாடி 16 சதுர அடி, 7,200 ரூபாய். மற்றவற்றுக்கு ஒற்றைக் கண்ணாடி 24 சதுர அடி, 3,120 ரூபாய். இதரச் செலவும் கூலியும் 5,500 ரூபாய். ஆக 15,820 ரூபாய். ஐந்துக்கும் இரட்டைக் கண்ணாடியே போட்டிருந்தால் ஆகக்கூடிய 23,500 ரூபாயில் 7,680 ரூபாய் மிஞ்சுகிறது. அதனோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மேற்குச் சுவரின் நீளத்துக்கு, கீழ்வீட்டில் அடுக்கிக் கிடக்கும் பழைய ஓடுகளையே கொண்டு இரண்டடி அகலத்தில் ஓர் இறவாணம் இறக்குவதென்று ஆசாரியோடு பேசி முடித்திருக்கிறேன். கழுக்கோலுக்கு அயனிச் சட்டம் போதும் என்கிறார் அவர். சுவரில் பதிக்கும் தாங்கிகளை மட்டும் இரும்பில் செய்ய வேண்டுமாம். இடவப்பாதிக்கு முன் வேலை முடியவேண்டும் என்பதால் வருகிற திங்கட்கிழமையே ஆரம்பிக்கிறோம்.